பிரிண்டர் "ஆஃப்லைன்": கம்ப்யூட்டர் உண்மையில் என்ன சொல்கிறது?

கம்ப்யூட்டர் சொல்லும் வார்த்தைகளிலேயே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது எது என்று கேட்டால், "ஆஃப்லைன்" என்றுதான் சொல்வேன். பிரிண்டரில் பவர் விளக்கு எரிகிறது. வைஃபை விளக்கும் நீலமாக எரிகிறது. பேப்பர் இருக்கு, இங்க் இருக்கு. லேப்டாப் மட்டும் "பிரிண்டர் ஆஃப்லைன்" என்கிறது. உடனே எல்லாரும் செய்வது ஒன்றுதான்: டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடுவது. சில சமயம் சரியாகிவிடும். ஏன் சரியானது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் கரன்ட் போய் வந்ததும் மறுபடி அதே கதை.

அந்த வார்த்தையின் அர்த்தம் இவ்வளவுதான்: "எனக்குத் தெரிந்த முகவரியில் கூப்பிட்டேன், பதில் இல்லை." பிரிண்டர் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. வைஃபை கெட்டுவிட்டது என்றும் சொல்லவில்லை. தபால்காரர் பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்த மாதிரி. ஆள் அடுத்த தெருவில் நன்றாகத்தான் இருக்கிறார்.

சாமல்பட்டியில் சித்தப்பா வீட்டுக்கும், அவர் கைகாட்டும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் இந்த வேலையைப் பலமுறை செய்திருக்கிறேன். பாதி நாள் ஓசூரில் இருந்தபடியே போனில். ஊத்தங்கரை வட்டத்தில், ஜோலார்பேட்டை–சேலம் ரயில் பாதையில் இருக்கிற ஊர். வீட்டுக்கு ஒருத்தர் ஓசூர் கம்பெனியிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பார். ஆன்லைன் வகுப்புக் காலத்தில் வாங்கிய பிரிண்டர் பல வீடுகளில் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் போனில் சொன்னதையே திரும்பச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

ஒரு பிரிண்டருக்கா இவ்வளவு என்று கேட்கலாம். கெட்டுப்போகாத பிரிண்டரைக் கெட்டது என்று நினைப்பதால் வரும் நஷ்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. இங்க்ஜெட் பிரிண்டரை "ஆஃப்லைன்" என்று ஓரம் கட்டினால், சில மாதத்தில் தலையில் இருக்கும் நுண்துளைகளில் இங்க் காய்ந்து, அப்போது உண்மையிலேயே போய்விடும். வைஃபையில் ஆரம்பித்த பிரச்சினை, புது ஹெட் வாங்குகிற செலவில் முடியும். அடுத்தது, நெட்டில் தேடுவது. பிரிண்டர் கம்பெனியின் லோகோவை ஒட்டி, பெரிதாக ஒரு ஹெல்ப்லைன் எண்ணைப் போட்டு உட்கார்ந்திருக்கும் போலித் தளங்கள் ஏராளம். கூப்பிட்டால் மரியாதையாகப் பேசுவார்கள். கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து பார்க்க ஒரு ஆப்பைப் போடச் சொல்வார்கள். அதற்கப்புறம் கட்டணம் என்பார்கள், வங்கி ஆப்பைத் திறக்கச் சொல்வார்கள். பிரிண்டர் கம்பெனியின் உண்மையான எண் பெட்டியிலும் வாரன்ட்டி அட்டையிலும் இருக்கும். தேடுபொறியில் முதலில் வந்த எண்ணை நம்ப வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930.

மூன்றாவதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. வீட்டு பிரிண்டர் ஓடவில்லை என்றால் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறோம். ஆதார் பிடிஎஃப், பேங்க் ஸ்டேட்மென்ட், சாதிச் சான்றிதழ் எல்லாமே கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்குப் போகிறது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோப்புகள் அந்தக் கம்ப்யூட்டரில் எத்தனை நாள் கிடக்கும், யார் கண்ணில் படும் என்பது அவர் கையிலும் இல்லை. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்ட் ஆதாரைக் கொடுங்கள், பொதுக் கம்ப்யூட்டரில் இ-ஆதாரை இறக்கினால் பிரதிகளை அழித்துவிடுங்கள் என்று. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி மத்திய அரசு 2 நாளில், மே 29 அன்று, அதை வாபஸ் வாங்கிவிட்டது. அறிவிப்பு போனது, அதில் இருந்த புத்தி போகவில்லை என்பது என் கட்சி. போதாக்குறைக்கு இ-ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த வருடமும். அதையும் சேர்த்தே கடைக்கு டைப் செய்து அனுப்புகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சங்கிலியில் மூன்று கண்ணிகள்

லேப்டாப்பில் பிரிண்ட் பட்டனை அழுத்துவதற்கும் பேப்பர் வெளியே வருவதற்கும் நடுவில் மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். பிரிண்டர் ரவுட்டரோடு ரேடியோவில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்த பிரிண்டருக்கு ரவுட்டர் ஒரு ஐபி முகவரி கொடுத்திருக்க வேண்டும். அந்த முகவரி லேப்டாப்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் வருவது அதே ஒரு வார்த்தைதான். அதனால் எதையும் அழிக்கும் முன், எது அறுந்தது என்று பார்ப்பதே முதல் வேலை.

அதற்கு லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். பிரிண்டரையே கேட்கலாம். அநேகமாக எல்லா வைஃபை பிரிண்டரும் தன் நெட்வொர்க் நிலவரத்தை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கும். திரை உள்ளவற்றில் நெட்வொர்க் மெனுவுக்குள் இருக்கும். திரை இல்லாதவற்றில் தகவல் பட்டனையோ வைஃபை பட்டனையோ சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். எது என்பது மாடலுக்கு மாடல் மாறும், கூட வந்த சின்னப் புத்தகத்தில் இருக்கும். இதைச் சொன்னால் சித்தப்பா சிரிப்பார்: "ஏம்ப்பா, பிரிண்டே வரலைன்னு சொல்றேன், நீ பிரிண்ட் எடுன்ற." அந்தத் தாள் பிரிண்டருக்குள்ளேயே தயாராவது, அதற்கு வைஃபை தேவையில்லை. அது வந்துவிட்டாலே இங்க், பேப்பர், மெக்கானிசம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

தாளில் பார்க்க வேண்டியது இரண்டு வரி: வைஃபை பெயர், ஐபி முகவரி.

பெயர் காலியாக இருந்தாலோ, "நாட் கனெக்டட்" என்று இருந்தாலோ, முதல் கண்ணி. பெயர் சரியாக இருந்து ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், இரண்டாவது கண்ணி. இந்த எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. "எனக்கு முகவரி கொடுக்க யாருமே இல்லை, நானே ஒன்றை வைத்துக்கொண்டேன்" என்று ஒரு கருவி சொல்கிறது என்று அர்த்தம். ரவுட்டர் கொடுத்த எண்ணாக இருந்தால் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அப்படி இருந்தும் லேப்டாப் ஆஃப்லைன் என்றால், மூன்றாவது கண்ணி.

மூன்றாவதா என்பதை உறுதி செய்ய ஒரு சோதனை இருக்கிறது. தாளில் உள்ள அந்த ஐபி முகவரியை, அதே வீட்டு வைஃபையில் இருக்கும் போனில் பிரவுசரைத் திறந்து முகவரிப் பட்டையில் அப்படியே அடியுங்கள். பிரிண்டருக்குள் ஒரு சின்ன வெப்சர்வர் இருக்கிறது. இங்க் அளவோடு ஒரு பக்கம் திறக்கும். திறந்துவிட்டால் பிரிண்டரும் நல்லது, வைஃபையும் நல்லது. லேப்டாப்பின் நினைவில் உள்ள முகவரி மட்டும்தான் பழசு. நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் கதை இதுதான்.

கரன்ட் போனால் முகவரி ஏன் மாறுகிறது

ஐபி முகவரி பிரிண்டருக்குச் சொந்தமானது இல்லை, வாடகைக்கு வந்தது. ரவுட்டருக்குள் இருக்கும் டிஹெச்சிபி என்கிற ஏற்பாடு வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு எண்ணை, இத்தனை மணி நேரத்துக்கு என்று கெடு வைத்துக் கொடுக்கும். 1993 முதல் இருக்கும் ஏற்பாடு. கெடுவில் பாதி முடிந்ததும் கருவி தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், அதனால் நமக்குத் தெரிவதே இல்லை. சிக்கல் வருவது கரன்ட் போகும்போதுதான்.

நம்ம ஊர் வீடுகளில் ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருப்பார்கள். பிரிண்டர் நேரடி இ.பி. லைனில் இருக்கும். கரன்ட் போனால் பிரிண்டர் அணையும், ரவுட்டர் ஓடும். ரவுட்டர் உண்மையிலேயே தொடர்ந்து ஓடினால் பெரிய தொல்லை இல்லை, கெடு முடியாதவரை பிரிண்டரின் எண் அதற்கே காத்திருக்கும். ஆனால் பல வீட்டு இன்வெர்ட்டர்கள் மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தக் கண நேரத்திலேயே ரவுட்டர் அணைந்து எழுந்துவிடுகிறது. ஃபேனுக்கும் லைட்டுக்கும் அந்த இடைவெளி உறைக்காது, ரவுட்டருக்கு உறைக்கும். இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதில் வைத்தால் இடைவெளி குறையும்.

அணைந்து எழும் ரவுட்டர்களில் பல, யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதை மறந்துவிடும். அந்தப் பட்டியல் நிலையான நினைவகத்தில் இல்லாமல், கரன்ட் போனால் அழிந்துவிடும் நினைவகத்தில் இருப்பதுதான் காரணம். வீட்டில் உள்ள போன்கள் பேட்டரியில் ஓடுவதால் அவைதான் முதலில் வந்து எண் வாங்கும். பிரிண்டர் ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, தன் பழைய எண்ணையே கேட்டுப் பார்க்கும். காலியாக இருந்தால் கிடைக்கும். அதற்குள் அது ஊரிலிருந்து வந்த மாமாவின் போனுக்குப் போயிருந்தால், பிரிண்டருக்கு வேறு எண். லேப்டாப் பழைய எண்ணையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். மாமாவின் போனால் பிரிண்ட் எடுக்க முடியாது இல்லையா, ஆகவே ஆஃப்லைன்.

இரண்டாவது கண்ணி அறுவதும் இதே கரன்ட் கதைதான். ரவுட்டர், பிரிண்டர் இரண்டும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எழுந்தால், பிரிண்டர் அரை நிமிடத்தில் தயாராகிவிடும். ஃபைபர் இணைப்பின் பெட்டி முழுதாக எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். வைஃபை வந்து முகவரி கொடுக்கும் பகுதி இன்னும் எழாத நேரத்தில் பிரிண்டர் கேட்டால், பதில் வராமல் 169.254-க்குப் போய்விடும். மறுபடி கேட்கும் பொறுமை சில மலிவு மாடல்களுக்குக் கிடையாது. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்கிற வைத்தியம் பலிப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ரவுட்டர். அது எழுந்து போனில் நெட் வந்த பிறகு பிரிண்டர். கடைசியில்தான் லேப்டாப். மூன்றையும் ஒரே ஸ்விட்ச் போர்டில் சேர்த்துத் தட்டினால் பலன் இல்லை.

நிரந்தரத் தீர்வு, பிரிண்டருக்கு ஒரு எண்ணைப் பட்டா போட்டுக் கொடுப்பது. தாளிலேயே "மேக் முகவரி" என்று 12 எழுத்து–எண் கலந்த ஒரு வரி இருக்கும். அது கருவிக்குச் சொந்தமானது, மாறாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, டிஹெச்சிபி ரிசர்வேஷன் அல்லது அட்ரஸ் பைண்டிங் என்று இருக்கும் இடத்தில், இந்த மேக் முகவரிக்கு எப்போதும் இந்த ஐபி என்று எழுதி வைத்தால் முடிந்தது. ரவுட்டர் எத்தனை முறை அணைந்தாலும் இந்தக் குறிப்பு அழியாது.

பிரிண்டரிலேயே போய் நிலையான ஐபி என்று வைக்கச் சொல்பவர்களும் உண்டு. வேலை செய்யும், எனக்கு அது பிடிப்பதில்லை. இணைப்புக் கம்பெனியை மாற்றினால் புதுப் பெட்டி வரும். பழையது 192.168.1 என்ற வரிசையில் எண் கொடுத்திருக்கும், புதியது 192.168.29 என்ற வரிசையில் கொடுக்கும். பிரிண்டர் பழைய வரிசையிலேயே பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும், யாருக்கும் எட்டாது. ரவுட்டரில் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

லேப்டாப் பக்கம்

விண்டோஸில் வைஃபை பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும்போது, பல நேரம் அது டபிள்யூஎஸ்டி போர்ட் என்று ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அது முகவரியை வைத்துத் தேடாமல், நெட்வொர்க்கில் குரல் கொடுத்துத் தேடுவது. நல்ல யோசனைதான், ஆனால் குரல் கேட்காத நாளில் ஆஃப்லைன். முகவரியைப் பட்டா போட்ட பிறகு, பிரிண்டரைக் கையால் சேர்ப்பதே மேல்: பிரிண்டர் சேர்க்கும் இடத்தில் "மேனுவலாகச் சேர்" என்பதைத் தேர்ந்து, டிசிபி/ஐபி முகவரி என்பதில் அந்த எண்ணை அடித்துவிடுங்கள். பழைய டிரைவரே போதும்.

அதன் பிறகும் பிரிண்டர் பக்கம் பிரவுசரில் திறக்கிறது, லேப்டாப் மட்டும் ஆஃப்லைன் என்கிறது என்றால், ஒரு சின்னக் கட்டத்தைப் பாருங்கள். பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸுக்குள் போர்ட்ஸ், அதில் கான்ஃபிகர் போர்ட். கீழே "எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு" என்று ஒரு டிக் இருக்கும். நலம் விசாரிக்கும் தனிப் பேச்சுமுறை அது. சில பிரிண்டர்கள் அதற்குப் பதில் சொல்லாது. பதில் வரவில்லை என்பதாலேயே, அச்சடிக்கத் தயாராக இருக்கும் பிரிண்டரை விண்டோஸ் ஆஃப்லைன் என்று முத்திரை குத்திவிடும். டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

பெங்களூர் கம்பெனி லேப்டாப்பை வீட்டில் வைத்து வேலை பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. விபிஎன் ஓடும்போது பிரிண்டர் காணாமல் போய், விபிஎன்னை அணைத்ததும் திரும்பி வந்தால், எதுவும் கெடவில்லை. லேப்டாப்பில் இருந்து போகும் எல்லாப் போக்குவரத்தையும் கம்பெனிக்குள் அனுப்பும்படி அவர்கள் வைத்திருக்கிறார்கள். பக்கத்து அறையில் இருக்கும் பிரிண்டருக்குப் போக வேண்டியதும் பெங்களூருக்குப் போய்த் தொலைந்துவிடும். இது பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்தது. யுஎஸ்பி கேபிள் போட்டு அச்சடிக்கலாம், அதற்கும் கம்பெனி அனுமதி இருந்தால்.

தண்டோரா

போனில் ஒரு நாள் பிரிண்டர் தெரிகிறது, மறுநாள் தெரியவில்லை. இதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. 1980-களில் ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் ஆப்பிள்டாக் என்ற வலையமைப்பு இருந்தது. கேபிளைச் செருகினால் பிரிண்டரின் பெயர் திரையில் தானாக வரும், எண் எதுவும் அடிக்க வேண்டாம். பிறகு உலகம் முழுக்க இணையத்தின் டிசிபி/ஐபி பரவியபோது அந்த வசதி தொலைந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர விடாமல் மல்லுக்கட்டியவர் ஸ்டூவர்ட் செஷயர். ஆப்பிளில் வேலை பார்த்த அவரும் மற்றவர்களும் 1999 முதல் இணையத் தர அமைப்பில் இதற்காகவே ஒரு குழுவில் வேலை செய்தார்கள். 2002-இல் மேக் கணினிகளில் ரெண்டெவூ என்ற பெயரில் வந்தது, பின்னால் போன்ஜூர் ஆனது. நாம் மேலே பார்த்த 169.254 எண்ணும் அந்த வேலையில் தரப்படுத்தப்பட்டதுதான்: 2005-இல் வந்த ஆர்எஃப்சி 3927. பிரிண்டர் கண்டுபிடிக்கும் முறை 2013-இல் ஆர்எஃப்சி 6762 ஆனது. இன்று ஐபோனும் ஆண்ட்ராய்டும் வீட்டு பிரிண்டரைக் கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான்.

முறை எளிமையானது. போன் "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கீங்களா?" என்று எல்லாருக்குமாகத் தண்டோரா போடும். பிரிண்டர் பதில் குரல் கொடுக்கும். சங்கடம் என்னவென்றால், வைஃபையில் ஒருவருக்கு மட்டும் அனுப்பும் செய்திக்குப் "பெற்றுக்கொண்டேன்" என்று ரசீது வரும், வராவிட்டால் மறுபடி அனுப்பப்படும். ரவுட்டர் எல்லாருக்குமாகப் பரப்பும் செய்திக்கு ரசீது கிடையாது. தண்டோரா போட்ட நேரத்தில் பிரிண்டர் தூங்கிக்கொண்டிருந்தால், காட்டு வேலைக்குப் போனவருக்குத் தமுக்குச் சத்தம் கேட்காத மாதிரி, அந்தச் செய்தி போனதுதான். போனில் தெரியாவிட்டால் பிரிண்டரின் ஏதாவது ஒரு பட்டனைத் தட்டி எழுப்பிவிட்டு மறுபடி தேடுங்கள்.

இந்தத் தண்டோரா ரவுட்டரைத் தாண்டிப் போகாது என்பதும் முக்கியம். மாடிக்குச் சிக்னல் வரவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கிக் கேபிள் போட்டுச் செருகியிருப்பார்கள். அது மாடியில் தனி ராஜ்ஜியம் நடத்தும். தானே எண்களும் கொடுக்கும். கீழே பிரிண்டர், மேலே லேப்டாப், இரண்டுக்கும் நெட் வரும், ஒன்றுக்கொன்று தெரியாது. இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றினால் இரண்டு வீடும் ஒரே வீடாகிவிடும். விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் பிரிண்டரைச் சேர்த்தாலும் இதே கதை. கெஸ்ட் வைஃபையின் நோக்கமே ஒருவரை ஒருவர் பார்க்கவிடாமல் செய்வதுதான்.

ரேடியோவிலேயே சேரவில்லை என்றால்

முதல் கண்ணி பெரும்பாலும் புதிதாகப் பொருத்தும்போதோ ரவுட்டர் மாறும்போதோதான் அறும். மலிவு பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், 5 தெரியாது. புது ரவுட்டர்கள் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கும். பிரிண்டர் சேராமல் அடம்பிடித்தால், ரவுட்டரில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்துவிட்டுச் சேருங்கள். ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைந்திருந்தால் பழைய பிரிண்டரால் முடியாது. டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு அமைப்பாக மாற்ற வேண்டும். 2005 ஜனவரியில் இந்திய அரசு 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் வேண்டாம் என்று அறிவித்ததால் நமக்கு சேனல் 13 வரை உண்டு. அமெரிக்காவில் விற்பது வழக்கமாக 11 வரைதான் பார்க்கும். அங்கிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பிரிண்டருக்கு நம் வீட்டு வைஃபை கண்ணிலேயே படவில்லை என்றால், ரவுட்டரை 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்திப் பாருங்கள்.

வைஃபை பெயரைத் தமிழில் வைக்கலாமா? எனக்கு ஆசைதான். தரப்படி பெயருக்கு 32 பைட் இடம் உண்டு. யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். புள்ளியும் துணைக்கால் போன்ற ஒட்டுகளும் தனித்தனிக் குறி. "சாமல்பட்டி" 10 குறி, 30 பைட், உள்ளே அடங்கிவிடும். "கிருஷ்ணகிரி" 11 குறி, 33 பைட். ஒரே ஒரு பைட்டில் மாவட்டத் தலைநகரம் வெளியே நிற்கிறது! ஆனால் அடங்கினாலும், இரண்டு வரித் திரை உள்ள பிரிண்டர் அதைக் காட்டத் தெரியாமல் கட்டம் கட்டமாகக் காட்டலாம். பிரிண்டர் இருக்கும் வீட்டில் ஆங்கில எழுத்திலேயே பெயர் வைப்பது நிம்மதி.

இடமும் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லாததால் பழைய வீடுகளில் தடித்த கல் சுவர்கள் இருக்கும். அதைவிடக் கெட்டது இரும்பு பீரோ. பீரோவின் பக்கத்துச் சந்தில் பிரிண்டர், சுவருக்கு அந்தப் பக்கம் ரவுட்டர் என்றால், ரேடியோ அலை இரும்பை ஊடுருவாது, சுற்றித்தான் வர வேண்டும். நெட்வொர்க் தாளில் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாக இருக்கும். –50 என்றால் அருமை, –70 என்றால் இழுபறி, –80 என்றால் அங்கே வைக்காதீர்கள். பீரோவிலிருந்து இரண்டடி தள்ளி வைத்துவிட்டுத் தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள், எண் மாறுவது தெரியும்.

வீட்டில் ஃபைபர் இல்லை, போன் ஹாட்ஸ்பாட்தான் என்றால் பிரிண்டரை அதில் சேர்த்து அவஸ்தைப்பட வேண்டாம். போன் வெளியே போனால் வைஃபையும் போய்விடும், ஒவ்வொரு முறையும் எண் வரிசையும் மாறலாம். பல பிரிண்டர்கள் தாங்களே ஒரு சின்ன வைஃபையைக் கிளப்பும், "டைரக்ட்" என்று தொடங்கும் பெயரில். அதன் பாஸ்வேர்டும் அந்தத் தாளிலேயே இருக்கும். போனை அதில் சேர்த்து அச்சடித்துவிட்டு, பழையபடி மாறிக்கொள்ளலாம்.

கடைசியாக, பிரிண்டரை விற்கும்போதோ பழைய சாமான்காரரிடம் போடும்போதோ: உங்கள் வைஃபை பாஸ்வேர்டு அதற்குள்ளேயே இருக்கும், சில மாடல்களில் ஸ்கேன் அனுப்புவதற்குக் கொடுத்த மின்னஞ்சல் பாஸ்வேர்டும். மெனுவில் "ரீஸ்டோர் நெட்வொர்க் செட்டிங்ஸ்" மட்டும் செய்தால் போதாது, முழு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். செய்துவிட்டு நெட்வொர்க் தாளை இன்னொரு முறை எடுத்து, வைஃபை பெயர் இருந்த வரி காலியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.